எண்பது மார்க் வாங்கிய ரயில்

லால்குடி ரயிலில் என் எதிரே உட்கார்ந்திருந்தவர் ஒரு பள்ளிக்கூடத்துப் பி.டி. வாத்தியார். முறுக்கு மீசை, மடியில் டிரம்பெட். சுதந்திர தினத்துக்குப் பள்ளி பேண்டில் ஊத ஆளில்லாமல் அவரையே மாட்டிவிட்டிருந்தார்கள். ஊதுவதைக் கேட்டு மார்க் போடும் செல்போன் ஆப்பில் பாஸ் மார்க் எடுத்து ஹெச்.எம்.மிடம் காட்ட வேண்டுமாம். ஒவ்வொரு முறையும் மீசையைத் துடைத்துக்கொண்டு ஊதுவார். ஆப் பன்னிரண்டு போடும். எட்டாவதோடு நின்ற எனக்கு, மார்க்கைப் பார்த்ததும் என் கணக்குப் பரீட்சை ஞாபகம் வந்தது.

ஸ்ரீரங்கத்தில் ரயில் நீளமாக ஹாரன் அடித்தது. ஆப் எண்பது போட்டது.

"பாஸுங்க!"

"சார், அது ரயில் ஊதினதுங்க."

"நானும் ரயில்லதானங்க இருக்கேன்?"

"சுதந்திர தினத்தன்னிக்கு என்ன பண்ணுவீங்க?"

அவர் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"ஸ்கூலு தண்டவாளத்துக்குப் பக்கத்துலதாங்க இருக்கு."

அந்த ஆகஸ்ட் பதினைந்து காலையில், ரயில் லேட்டாகிவிடக் கூடாதே என்று நான்தான் தவித்துக்கொண்டிருந்தேன்.