களிக்காகத் தள்ளிப்போட்ட மருந்து

கவுன்சிலரை யாராவது வெளுத்து வாங்கினால் இன்றைக்கும் நான் அங்கிருந்து மெல்ல நழுவிவிடுவேன். நானும் ஒருமுறை வெளுத்து வாங்கியவன்தான்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம். சிதம்பரத்தில் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். சந்துக்கே ஒரே ஒரு முனிசிபல் கிணறு. ஆருத்ரா தரிசனத்துக்கு ஊர் கொள்ளாத கூட்டம் வருமே, அந்தக் காலரா பயத்தில் சுகாதார இன்ஸ்பெக்டர் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட வந்தார். திருவாதிரைக் களிக்கு அந்தத் தண்ணீர்தான். மருந்து நாற்றம் அடிக்கிற களியைச் சுவாமிக்கு எப்படிப் படைப்பது என்று சந்தே கொதித்தது. கவுன்சிலர் எனக்கு மாமா முறை. அவரிடம் முதல் ஆளாக ஓடியவன் நான்தான். "திருவிழா முடியட்டும்" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னார். இன்ஸ்பெக்டர் மூட்டையோடு திரும்பிப் போனார். சந்துத் திண்ணைகளில் ஆண்களிடம் எனக்கு ஏகப் பாராட்டு. என் வீட்டுக்காரி காதில் மட்டும் போடவேண்டாம் என்று அவர்களிடம் கேட்டுக்கொண்டேன். அவள் பிலுபிலுவென்று பிடித்துக்கொள்வாள் என்று தெரியும்.

தரிசனம் முடிந்த நாலாம் நாள் அவளுக்கே பேதி கண்டது. ஊர் ஆஸ்பத்திரியில் ஏற்றுவதற்கு சலைன் இல்லை. கம்பவுண்டர் கையை விரித்துவிட்டார். கடலூருக்கு ரயிலில் கொண்டுபோனேன். பரங்கிப்பேட்டை தாண்டுவதற்குள் அவள் கண் இரண்டும் உள்ளே போய்விட்டது. நாடியைத் தேடித் தேடிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஐயோ, அந்தப் பயத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

கடலூர் ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள், உயிர் தங்கிவிடும் என்று டாக்டர் சொன்னார். அன்று காலை மாமா பார்க்க வந்தார்.

"கெணத்துக்கு மருந்து போட்டாச்சா மாமா?"

"பொங்கல் வருதில்ல மாப்ளே. பொங்கப் பானையில நாத்தம் அடிக்கும்னு சொல்றாங்க. கழியட்டுமே."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"இவ சாகக் கெடந்தா! யாரு என்ன சொன்னாலும் தலையாட்டவா உங்களுக்கு ஓட்டுப் போட்டோம்? ஊர்ல ஒரு பாட்டில் சலைன் இருக்கா? கேக்க ஆளில்லன்னு நெனச்சீங்களா?"

பக்கத்துக் கட்டில்காரர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மாமாவின் முகம் சிறுத்துவிட்டது.

"தலையாட்டினது தப்புதான். ஆனா மொதல்ல வந்து கேட்டது யாரு மாப்ளே?"

அவள் என்னைப் பார்த்தாள். "நீங்களா?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"பக்கத்து வீட்டுக்காரி நெறமாசம். அவளும் அந்தத் தண்ணியத்தான குடிக்கிறா? ரெண்டு பேரும் இப்பவே போங்க." அதைச் சொல்வதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது.

அடுத்த ரயிலைப் பிடித்தோம். வழியெல்லாம் எனக்கு, அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாதே என்று அடித்துக்கொண்டது. முனிசிபல் ஆபீசிலிருந்து இன்ஸ்பெக்டரைக் கையோடு கூட்டிக்கொண்டு மத்தியானம் சந்துக்குள் நுழைந்தோம்.

பக்கத்து வீட்டு வாசலில் மாட்டுவண்டி நின்றது. அதில் வைக்கோலைப் பரப்பி ஜமக்காளம் விரித்துக்கொண்டிருந்தான் அந்தப் பெண்ணின் புருஷன். மாமாவைப் பார்த்ததும் கும்பிட்டான்.

"விடியலேருந்து பேதிங்க. கடலூருக்கு எப்ப ரயிலுங்க?"

ரயில் நேரம் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். மாமா நேரத்தைச் சொன்னார்; நான் ஜமக்காளத்தின் மறுமுனையைப் பிடித்து விரித்தேன்.