செருப்போடு பூசைக்குப் போன அத்தை

எங்கள் அத்தை யாருக்கும் பணிந்து போனவள் இல்லை. தூத்துக்குடிக் கடற்கரையில் கருவாடு காயப்போடும் இடத்தில் பத்துப் பெண்களை வைத்து வேலை வாங்கினாள். உச்சி வெயிலில் அந்த மணலில் கால் வைத்தால் நாங்கள் குதியாய்க் குதிப்போம். அவள் வெறுங்காலோடு நின்று எங்களைப் பார்த்துச் சிரிப்பாள். அப்பாவின் அக்கா எவ்வளவு தைரியசாலி என்று பள்ளிக்கூடத்தில் நான் பீற்றிக்கொண்டு திரிந்தேன். அவளுக்குச் சூடே தெரியவில்லை என்பது வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சீனி வியாதி இருந்தது தெரியும். அதற்காகக் காப்பியில் சீனியை நிறுத்திவிட்டு, தாராளமாகக் கருப்பட்டி போட்டுக் குடித்தாள். அத்தோடு வைத்தியம் முடிந்தது என்று எல்லாரும் நிம்மதியாக இருந்தோம்.

எழுபதுகளின் நடுவில், எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது, அவளுடைய இடது கால் வீங்கியது. சுளுக்கு என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். எண்ணெய் போட்டு இழுத்துவிட ஓர் ஆளும் வந்தார். அத்தை முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவரே அசந்துபோனார். வலி இல்லாததால் அவள் நடையைக் குறைக்கவே இல்லை. இரண்டு மாதத்தில் பாதத்தின் வளைவு இறங்கி, நடுவில் புடைத்து, கணுக்கால் உள்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அம்மா அழுது ஆர்ப்பாட்டம் செய்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போக ஒத்துக்கொண்டாள். துணைக்கு என்னையும் கூட்டிப்போனாள்.

டாக்டர் அவளுடைய இரண்டு பாதங்களையும் புறங்கையால் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார். என்னையும் தொடச் சொன்னார். ஒன்று சாதாரணமாக இருந்தது; மற்றது காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி கொதித்தது. பிறகு அத்தையைக் கண்ணை மூடச் சொல்லி, ஊசி முனையை உள்ளங்காலில் வைத்தார்.

“எங்கன குத்துதேன், சொல்லுங்கம்மா.”

“மொதல்ல குத்தும், பொறவு கேளும்,” என்றாள் அத்தை. ஊசி பட்ட இடத்தில் ஏற்கெனவே ஒரு ரத்தப்பொட்டு இருந்தது.

எக்ஸ்ரே படத்தில் பாதத்தின் நடு எலும்புகள் உடைந்து சிதறிக் கிடந்தன. சீனி நரம்பைக் கெடுத்துவிட்டது, வலி தெரியாததால் உடைந்த காலிலேயே நடந்து நடந்து மூட்டைக் குலைத்திருக்கிறாள் என்று டாக்டர் விளக்கினார். மாவுக்கட்டு போட்டு, காலை ஊன்றாமல் மாதக்கணக்கில் இருக்க வேண்டும் என்றார். வலிக்காத காலுக்கு எதற்குக் கட்டு என்று அத்தை சண்டை போட்டாள். காலை எடுக்க வேண்டி வரும் என்று அவர் சொன்னதுதான் அவள் வாயை அடைத்தது. அடுத்த சில மாதங்கள் நாற்காலியில் இருந்தபடியே வீட்டை அவள் ஆட்டிப்படைத்ததைச் சொல்லி மாளாது.

கட்டைப் பிரித்தபோது வீக்கமும் சூடும் போயிருந்தன, கோணல் போகவில்லை. இனி அது அப்படித்தான் இருக்கும், வீட்டுக்குள்ளேகூட வெறுங்காலோடு ஓர் அடி வைக்கக் கூடாது, புடைப்பில் புண் வந்தால் கால் போய்விடும் என்றார் டாக்டர். அவர் முன்பு தொழுநோய் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். மரத்துப்போன காலுக்குச் செருப்புத் தைக்கத் தெரிந்த ஆள் அங்கேதான் இருந்தார். அவரிடமே சொல்லி வாங்கிக் கொடுத்தார். உள்ளே மெத்தென்ற கறுப்பு ரப்பர், அடியில் டயர், பின்னால் வார். நல்ல செருப்பு என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அது யார் போடுகிற செருப்பு என்று ஊருக்கே தெரியும்.

எங்கள் பக்கத்தில் மாதா கோயில் வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டுத்தான் பூசைக்குள் நுழைவோம். அங்கே மட்டுமாவது கழற்றிவிடச் சொல்லி அம்மா கெஞ்சினாள். அத்தை காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, டயர் சத்தம் கேட்க, கோயிலின் நடுவழியாக நடந்தாள். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை ஓடிவந்து மறித்தார்.

“அக்கா, செருப்பை வெளிய போட்டுட்டு வாங்க.”

“சாமியாரு சப்பாத்து போட்டுக்கிட்டுதான பூசை வைக்காரு? அவரைக் கழத்தச் சொல்லுலே, நானும் கழத்துதேன்.”

பீடத்தில் நின்ற சாமியார் குனிந்து தம் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார். அத்தை பெண்கள் பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். சுற்றியிருந்தவர்கள் முந்தானையை இழுத்துக்கொண்டு தள்ளிப் போனார்கள். பெருவியாதி என்று யாரோ முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. அத்தை எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“ஏளா, இங்கன வா.”

நான் போகவில்லை. என் வகுப்புப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். ஊரோடு அவள் போடுகிற சண்டையில் என்னையும் இழுக்கிறாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கும் நேரம் வந்ததும் எல்லாரும் எழுந்தார்கள். அத்தை கையைத் தரையில் ஊன்றி எழப் பார்த்தாள், முடியாமல் உட்கார்ந்தாள். மறுபடி முயன்றாள். பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஆள் இல்லை. பிறகு தூண் வரைக்கும் உட்கார்ந்தபடியே நகர்ந்து, அதைப் பிடித்து எழுந்து, சேலையை உதறிக்கொண்டாள். வரிசையை விலக்கி முன்னால் போய் நின்று சாமியாரிடம் நாக்கை நீட்டினாள். அவரும் கொடுத்தார்.

அத்தை சாகும்வரை இரண்டு காலோடும் இருந்தாள். அந்தச் செருப்போடுதான் பூசைக்கும் போனாள். என்னை அன்றைக்குக் கூப்பிட்டதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. மாதக்கணக்கில் கட்டுக்குள் கிடந்த காலை வைத்துக்கொண்டு தரையிலிருந்து எழ அவளுக்கு ஒரு தோள் வேண்டியிருந்தது. ஊரில் யாரிடமும் கேட்காதவள் என்னிடம் கேட்டாள். கேட்கிறாள் என்பதே எனக்கு அப்போது தெரியவில்லை.