லீவு நாளில் சீருடையோடு மருதமுனைக்கு

நிந்தவூரிலிருந்து மருதமுனை பதின்மூன்று கிலோமீற்றர் அளவில்தான் இருக்கும். பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பவர்கள் தனியாக பஸ் ஏறிப் பழகியவர்கள். அவர்கள் நுவரெலியா, எல்ல என்று போய் வந்தவர்கள் எழுதியதை வாசிக்கலாம். இது, பதினேழு வயதாகியும் உம்மா இல்லாமல் கல்முனைச் சந்தையைத் தாண்டாத என்னைப் போன்ற பிள்ளைகளுக்கு.

போன மாதம் ஒரு புதன்கிழமை போனேன். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர் உம்மாவின் ஃபோனில் ஓர் அறிவித்தலைக் கண்டிருந்தேன். மருதமுனையில் பாடசாலை மாணவிகளுக்கான கதை வட்டம், ஒவ்வொரு புதனும் பின்னேரம் இரண்டரை மணிக்கு. சொந்தமாக எழுதிய கதை ஒன்றோடு வர வேண்டும், கட்டணம் இல்லை. அதை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. 'பாடசாலை மாணவிகளுக்கான' என்ற இடம் வந்ததும் ஒவ்வொரு தரமும் ஃபோனை மூடி வைத்தேன்.

நான் பாடசாலை மாணவி இல்லை. பத்தாம் ஆண்டில் உம்மாவுக்கு முதுகில் ஒப்பரேஷன் செய்தபோது வீட்டைப் பார்க்க நின்றவள், உம்மா எழும்பி நடக்கத் தொடங்கிய பிறகும் போகவில்லை. யாரும் என்னை நிற்பாட்டவில்லை. வகுப்பில் பாடமெல்லாம் எங்கேயோ போயிருக்கும், நான் உள்ளே வந்தால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற பயத்தில் நாளைக்கு, நாளைக்கு என்று விட்டதுதான். ஆனால் வாசிப்பதை விடவில்லை. எனக்கு மூத்தவள், ராத்தா, கல்யாணம் முடித்துப் போகும்போது விட்டுப்போன பாடப்புத்தகங்களை, வரலாறு முதல் மனையியல் வரை, கதைப் புத்தகம் போல வாசித்து முடித்தேன். எழுதுவதையும் விடவில்லை. சோறு வடியும் நேரத்தில் மனதுக்குள் ஒரு நல்ல வசனம் வந்து விழுந்தால் அன்று முழுக்க எனக்குப் பெருநாள்தான்.

கதையை எழுதி முடித்ததும் உடுப்புப் பிரச்சினை வந்தது. கதை வட்டம் இரண்டரை மணிக்கு என்றால் எல்லாரும் பள்ளிக்கூடம் விட்டு அப்படியே வருவார்கள். ஆகவே என் பழைய வெள்ளைச் சீருடையை எடுத்தேன். உம்மா பார்த்துவிட்டார்.

"இதென்ன கோலம்?"

"எல்லாரும் யூனிஃபோமோடதான் வருவாங்க உம்மா. நான் மட்டும் அபாயாவோட போனா எந்த ஸ்கூல் எண்டு கேப்பாங்க."

"கேட்டாச் சொல்லன்."

"என்னத்தச் சொல்ற?"

உம்மா உடுப்பைக் கையில் வாங்கிக்கொண்டார். கை ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் அவிழ்த்து இறக்கித் தைத்து, அயன் பண்ணித் தந்தார். ஃபோனையும் தந்தார். "மஹ்ரிபுக்கு முந்தி வீட்ட நிக்கணும், சரியா?" என்றார். டை மட்டும் நான் கட்டவில்லை. டையைக் கண்டாலே எந்தப் பள்ளிக்கூடம் என்று இந்தப் பகுதியில் யாருக்கும் தெரிந்துவிடும்.

ளுஹர் தொழுதுவிட்டு, ஒன்றரை மணிக்கு அக்கரைப்பற்றிலிருந்து வந்த கல்முனை பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் "தங்கச்சி எங்க?" என்றார். "கல்முனை" என்றேன். "ஆ?" என்றார். மீண்டும் சொன்னேன். அது எனக்கே கேட்கவில்லை. பின் சீட்டிலிருந்த பெண் பொறுக்க முடியாமல், "கல்முனையாம்! அந்தப் புள்ள எத்தின தரம் சொல்ற?" என்று எனக்காகக் கத்தினார். முழு பஸ்ஸும் என்னைப் பார்த்தது. டிக்கெட் எழுபது ரூபா. மாற்றிய காசாகக் கையில் வைத்திருங்கள், பேச்சு குறையும்.

நிந்தவூரில் என்னைத் தவிர ஒரு வெள்ளை உடுப்பும் ஏறவில்லை. அப்போது எனக்கு அது நிம்மதியாக இருந்தது. தெரிந்த முகம் வரக்கூடாதே என்ற ஒரே யோசனைதான். வெட்டிய வயலுக்கு மேலே கொக்குகள் நின்றன. மடியில் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வெளியே மட்டும் பார்த்தேன்.

காரைதீவில் இரட்டைப் பின்னலும் டையுமாக இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் ஏறினார்கள். கல்முனையில் ரியூஷனுக்குப் போகிறவர்கள். ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து, என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்களுக்கு இண்டையில இருந்து லீவுதானே?"

எனக்கு விளங்கவில்லை.

"மாளிகைக்காட்டுப் பிள்ளையள் சொன்னாங்களே, முஸ்லிம் ஸ்கூல் எல்லாம் நேத்தோட விட்டாச்சாம். எங்களுக்குத்தான் இன்னும் இழுக்குது."

வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் முஸ்லிம் பாடசாலைக்கும் தமிழ்ப் பாடசாலைக்கும் தவணை விடுமுறை வேறு வேறு நாட்களில் வரும். காலையில் கடைக்குப் போகும்போது வெள்ளை உடுப்புப் பிள்ளைகளோடு வேன் போனதைக் கண்டு, இன்று பள்ளிக்கூடம் உண்டு என்று நினைத்துவிட்டேன். அது காரைதீவுத் தமிழ்ப் பாடசாலைக்குப் போகும் வேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை யாரும் இல்லை. லீவு எப்போது தொடங்குகிறது என்பதைப் படிக்கிற பிள்ளை எதை மறந்தாலும் மறக்காது.

"க்ளாஸ் ஒண்டு" என்றேன்.

"லீவுக்கும் யூனிஃபோமோட க்ளாஸா? பாவம் நீங்க!" என்று உண்மையாகவே இரக்கப்பட்டாள்.

அதற்குப் பிறகு வெளியே ஒரு வெள்ளை உடுப்பாவது தெரிகிறதா என்று தேடத் தொடங்கினேன். சாய்ந்தமருதில் பிள்ளைகள் மஞ்சளும் சிவப்புமாக ரீசேட் போட்டுக்கொண்டு சைக்கிளில் திரிந்தார்கள். கல்முனைக்குடியில் பள்ளிக்கூட கேட் ஒன்றில் பெரிய பூட்டுத் தொங்கியது. ஊரே லீவில் இருக்க, நான் மட்டும் பால் கலரில் பஸ்ஸில் போகிறேன். மாற்றிப் போட வேறு உடுப்பு இல்லை. கதை வட்டத்தில் முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும். பாடசாலை மாணவிகளுக்கு மட்டும் என்று சொல்லி எழுப்பி அனுப்பினால், அத்தனை பேருக்கு முன்னால் எழும்பிக் கதவு வரை நடக்க வேண்டும். நான் அந்த நடையை மனதுக்குள் பலமுறை நடந்து பார்த்தேன்.

கல்முனையில் இறங்கியபோது திரும்பிப் போகத்தான் நினைத்தேன். அக்கரைப்பற்று பஸ் நின்றது, ஆனால் மிதிபலகை வரை ஆண்கள் தொங்கிக்கொண்டு நின்றார்கள். அதற்குப் பின்னால் நின்ற மட்டக்களப்பு பஸ்ஸில் முன்சீட்டுகள் காலியாக இருந்தன. துணிந்து முடிவெடுத்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில், நெரிசலுக்குப் பயந்து காலி பஸ்ஸில் ஏறினேன். அது மருதமுனை வழியாகப் போகிறது. நாற்பது ரூபா. பாண்டிருப்பைத் தாண்டினால் அடுத்தது மருதமுனை, கதவுப் பக்கம் முன்கூட்டியே போய் நில்லுங்கள்.

பிரதான வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் பத்து நிமிட நடை. ஒரு வீட்டுக்குள்ளிருந்து தறி அடிக்கும் சத்தம் டக்கு டக்கென்று வந்தது. என் நெஞ்சு அதைவிட வேகமாக அடித்தது. மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் வேகத்தைக் குறைத்து, "ஸ்கூல் பூட்டல்லவா மகள்?" என்று நல்ல மனதோடு சொல்லிவிட்டுப் போனார். அப்போது அழுகை வந்தேவிட்டது.

கதை வட்டம் நடப்பது சாரன் துணிக்கடை ஒன்றின் மேல்மாடியில். படியடியில் கலர் கலராகச் செருப்புகள். மேலே போய் எட்டிப் பார்த்தேன். பதினைந்து பேரளவில் பாயில் இருந்தார்கள். எல்லாரும் அபாயாவும் கலர் ஸ்காஃபும். ஒரு வெள்ளை உடுப்பும் இல்லை.

"யா அல்லாஹ்! ஆருகா இது?" என்று நீல ஸ்காஃப் போட்ட ஒருத்தி எழும்பியேவிட்டாள். அவள் பெயர் ஹிமாயா என்று பிறகு தெரிந்தது. "லீவுக்கும் யூனிஃபோமா? நேத்து ஸ்கூலுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டாங்களா உங்கள?"

எல்லாரும் சிரித்தார்கள். வட்டத்தை நடத்துவது கம்பஸில் படிக்கும் நுஸ்ஹா ராத்தா. அவர், "வாய மூடுகா நீ. வாங்க தங்கச்சி, கதை கொண்டந்தீங்களா? இதுக்க வைங்க" என்று ஒரு பனையோலைப் பெட்டியை நீட்டினார்.

அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. கதையில் பெயர் எழுதக் கூடாது. தாள்களைப் பெட்டியில் போட்டுக் குலுக்கி, ஒருத்தியின் கதையை இன்னொருத்தி எடுத்து வாசிப்பாள். எல்லாரும் கதைத்து முடியும் வரை எழுதியவள் வாய் திறக்கக் கூடாது. கடைசியில் கை உயர்த்த வேண்டும். வாய் திறக்கக் கூடாது என்ற சட்டம் எனக்குப் பிடித்தது. கை உயர்த்தும் சட்டம்தான் பிடிக்கவில்லை.

இரண்டு கதை முடிந்து, மூன்றாவதாக என் தாளை எடுத்தது ஹிமாயாதான். கதை இதுதான். ஒரு வகுப்பில் டீச்சர் தினமும் பிள்ளைகளை எண்ணுகிறார். இருக்க வேண்டியதைவிட ஒரு பிள்ளை கூட இருக்கிறது. பெயர் கூப்பிட்டால் கணக்குச் சரி. தலையை எண்ணினால் ஒன்று கூட. எல்லாரும் தெரிந்த முகங்கள், யார் கூடுதல் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பயந்துபோய் எல்லாரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். கடைசியில், மணி அடிக்க முன்னர், பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை தானாக எழும்பி வெளியே போகிறது.

ஹிமாயா நன்றாக வாசித்தாள். பாதியில் ஒருத்தி பக்கத்தவளின் கையைப் பிடித்துக்கொண்டதைக் கண்டேன். பயத்துக்கு நடுவிலும் உடம்பு முழுக்க ஓர் இனிப்பு ஓடியது. நான் அடுப்படியில் நினைத்த ஒன்று இவர்களை ஒருவர் கையை ஒருவர் பிடிக்க வைக்கிறது.

"எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சிட்டு" என்றாள் ஒருத்தி.

"எனக்கு முடிவுதான் சரியில்ல" என்றாள் ஹிமாயா. "அவ ஏன் எழும்பிப் போறா? ஆரும் போகச் சொல்லல்லயே?"

"அவதானே கூடுதல்?"

"இருக்கட்டுமேகா! கதிரையா இல்ல? பெஞ்சில கொஞ்சம் நெருங்கி இருந்தா முடிஞ்சு. எனக்கெண்டாச் சரியான கோவம் அந்தப் புள்ளயில."

அவர்கள் இன்னும் நிறையக் கதைத்தார்கள். எனக்கு அந்த ஒரு கேள்விக்கு அப்பால் ஒன்றும் காதில் விழவில்லை. ஆரும் போகச் சொல்லல்லயே.

"சரி, எழுதினது ஆரு?" என்றார் நுஸ்ஹா ராத்தா.

கை உயர்த்தினேன். தோள் உயரத்துக்கு மேல் அது போகவில்லை.

"நீங்களா!" என்றாள் ஹிமாயா. "எந்த ஸ்கூல் நீங்க?"

இதுதான் நான் பயந்த இடம். க்ளாஸ் என்று சொன்னது போல ஏதாவது சொல்லலாம். டை இல்லை, யாருக்கும் தெரியாது. ஆனால் இப்போதே அந்தக் கதவு வரை நடந்துவிட்ட மாதிரி களைப்பாக இருந்தது.

"நான் ஸ்கூலுக்குப் போறல்ல. விட்டுட்டன். லீவெண்டும் தெரியாது."

கண்ணாடி போட்ட ஒருத்தி மெல்ல, "ஸ்கூல் புள்ளையளுக்கு எண்டுதானே ராத்தா போட்டிருக்கு?" என்றாள். கெட்ட எண்ணத்தில் அல்ல, சட்டம் கேட்கிறாள்.

"இண்டைக்கு நீயும்தான் ஸ்கூலுக்குப் போகல்ல" என்றாள் ஹிமாயா. "யூனிஃபோம் போட்டு வந்தது அவ மட்டும்தான்."

சிரிப்பு வெடித்தது. கேட்ட பிள்ளையும் சிரித்தாள். என் வாயும் எனக்குத் தெரியாமல் சிரித்தது. நுஸ்ஹா ராத்தா தாளை என்னிடம் திருப்பித் தந்து, "முடிவ மாத்திக்கொண்டு வாற புதன் வாங்க" என்றார். அவ்வளவுதான். பிறகு பெட்டியிலிருந்து அடுத்த கதையை எடுக்கச் சொன்னார்.

இனி, போக நினைக்கும் பிள்ளைகளுக்குச் சில விடயங்கள். நிந்தவூரிலிருந்து நேரே மட்டக்களப்பு பஸ் பிடித்தால் கல்முனையில் மாறத் தேவையில்லை. குறுந்தூரம் என்று கண்டக்டர் முகத்தைச் சுளிப்பார், சுளிக்கட்டும். போக வர முழுச்செலவு இருநூற்று இருபது ரூபா. அஸர் தொழ அங்கேயே இடம் இருக்கிறது. தண்ணீர் கொண்டு போங்கள், மேல்மாடி தகரக் கூரை, வெக்கை. உடுப்பு உங்கள் விருப்பம். பயம் போகும் என்று நான் சொல்லமாட்டேன். எனக்குப் போகவில்லை. பயத்தோடேயே போய் வரலாம் என்பது மட்டும் தெரிந்தது.

இன்னொன்று. இறங்கும் இடத்தைக் கண்டக்டரிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள், பிறகு காதையும் திறந்து வையுங்கள். திரும்பி வரும்போது நான் ஜன்னலோரம் இருந்து கதையின் முடிவை யோசித்துக்கொண்டு வந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது கடைகள் வேறு மாதிரி இருந்தன.

"நிந்தவூரா?" என்று கண்டக்டர் தலையில் கை வைத்தார். "மூணு தரம் கத்தினன் தங்கச்சி! இது ஒலுவில்."

ஒலுவில் சந்தியில் இறங்கி, எதிர்ப்பக்கம் நின்றேன். இருட்டத் தொடங்கியிருந்தது. மஹ்ரிப் பாங்கு கேட்டது. பைக்குள் ஃபோன் அடித்தது, ராத்தாவின் நம்பர். உம்மாவின் ஃபோன் என்னிடம் இருந்ததால், ராத்தா வீட்டுக்குப் போய் அடிப்பது உம்மாதான். ஆனால் கதையின் கடைசி வசனம் அப்போதுதான் முழுதாக வந்திருந்தது, கதைக்கத் தொடங்கினால் மறந்துபோகும். 'மணி அடித்தது, அவள் எழும்பவில்லை.' அதை இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் ஃபோனை எடுத்தேன்.