உள்ளே போன மூச்சு

மாரித் பென்சில் சீவிக்கொண்டிருக்கிறாள். சுவரில் திருகி வைத்த பழைய இயந்திரம்; கைப்பிடியைச் சுற்றினால் காப்பிக்கொட்டை அரைக்கிற சத்தம் வரும். ஆசிரியர் கூட்டம் முடிந்தால் தன் வகுப்புப் பென்சில்கள் அத்தனையையும் சீவுவாள். கோபம் தீராவிட்டால் என் வகுப்புப் பென்சில்களுக்கும் வருவாள். கதவை அறைகிற ரகம் அல்ல என் தோழி.

விளையாட்டு ஆசிரியன் ரோகர் எட்டிப் பார்த்தான். "பென்சில் எல்லாம் சுண்டு விரல் அளவுக்கு வந்துருச்சே மாரித். யோரான் இன்னைக்கு என்ன சொன்னான்?"

"காகிதத்த மிச்சம் புடிக்கணுமாம். அதச் சொல்றதுக்கு ஆளுக்கு ஒரு கத்தை அச்சடிச்சுக் குடுத்தான்."

யோரான் எங்கள் தலைமை ஆசிரியன். எங்கள் பள்ளியில் பிள்ளைகள் உட்பட எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான்.

பனிக்காலம் முழுக்க மாரித் உதைத்துத் தள்ளும் சறுக்குவண்டியில்தான் வருவாள். சீஸ் துண்டுகளைக் காப்பியில் ஊறப்போட்டுக் கரண்டியால் எடுத்துத் தின்பாள். எழுத்துத் தடுமாறும் பிள்ளைகளுக்காக, நூலகத்தை ஒட்டிய சின்ன அறையில் ஒரு வாசிப்புக் குழு நடத்திவந்தாள். வாயே திறக்காத தீரா என்ற சிறுமி அங்கேதான் ஒரு நாள் பால் டப்பாவின் முதுகில் இருந்ததை முழுசாக உரக்கப் படித்தாள். அன்று மாரித் எங்கள் எல்லோருக்கும் கேக் வாங்கினாள்.

வடக்கத்தி ஸ்வீடன்காரர்களான எங்களுக்கு 'ஆமாம்' சொல்ல வார்த்தை வேண்டாம். உதட்டைக் குவித்து 'ஷுப்' என்று மூச்சை உள்ளே இழுத்தால் போதும். போன வசந்தத்துக் கூட்டத்தில் யோரான், "வாசிப்புக் குழுவ நிறுத்திட்டு, அந்தப் பிள்ளைங்களப் பெரிய வகுப்புலயே உக்கார வச்சிடலாம். என்ன மாரித், சரிதானே?" என்று கேட்டான். முடியவே முடியாது என்று சொல்லத்தான் அவள் மூச்சை இழுத்தாள். ஷுப். "ரொம்ப நல்லது," என்று யோரான் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டான். தெற்கத்தி ஆளாக இருந்திருந்தால் அந்தச் சத்தத்தைக் கண்டுகொண்டிருக்கவே மாட்டான். இவன் எங்கள் ஊர்க்காரன்.

மறுநாள் கோட்டு மாட்டுகிற இடத்தில் அவனைப் பிடித்தாள். "நான் ஆமான்னு சொல்லல யோரான். பேசறதுக்குத்தான் மூச்சு இழுத்தேன்."

"எல்லாருக்கும் கேட்டுச்சே. இப்ப டைம்டேபிளும் போட்டாச்சு. அடுத்த வருஷம் பாப்போம்."

"சரி," என்றாள். இந்த இரண்டாவது சம்மதத்தை யாரும் தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை. "அன்னைக்கே மேசையத் தட்டியிருக்கணும்டி," என்று இன்னும் என்னிடம் புலம்புகிறாள். சின்ன அறையில் இப்போது உடைந்த நாற்காலிகள் கிடக்கின்றன. தீரா பெரிய வகுப்பின் கடைசி வரிசையில், தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.

ரோகர் போன பிறகு, அந்தத் தீராவே ஒரு பென்சில் துண்டோடு வந்து நின்றாள்.

"மாரித், இத இனிமே சீவாத. புடிக்கவே முடியல."

"சரிடா கண்ணு. சீவல."

அவள் போகவில்லை. "நாம திரும்பச் சின்ன ரூமுக்குப் போவமா?"

பழக்கதோஷத்தில் மாரித்தின் உதடு குவிந்தது. மூச்சு கிளம்பும் முன்பே, பென்சில் தூள் அப்பியிருந்த கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள்.