துப்பாக்கி இல்லாமல் ஒரு சுற்று

வெள்ளிக்கிழமை மதியம் ஃப்ரீமான்ட்டை விட்டுக் கிளம்பும்போது தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பே ஏரியாவில் தூறினால் சியரா மலையில் பனி கொட்டும். இரண்டு குளிர்காலம் இங்கே கழித்த எனக்கே அது தெரியும். காரின் டிக்கியில் டயர் சங்கிலி, போர்வைகள், தண்ணீர், அவித்த முட்டை, ஒரு பை ஆரஞ்சு, சமீராவின் பனிச்சறுக்குக் கட்டைகள். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் நீல நிற ஃபைல். அதில் ஜமால் அங்கிள் குடும்பத்தின் பாஸ்போர்ட்டுகளும் விசா காகிதங்களும் இருந்தன. ஐம்பது மைலைத் தாண்டிப் போவதென்றால் அந்த ஃபைல் இல்லாமல் அங்கிள் வண்டியைக் கிளப்ப மாட்டார். என் பாஸ்போர்ட்டையும் வாங்கி அதிலேயே வைத்துக்கொண்டார்.

அவர் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் மாடியறையில்தான் நான் உள்வாடகைக்கு இருந்தேன். அங்கிளுக்குச் சொந்த ஊர் கூத்தாநல்லூர். டேட்டாபேஸ் வேலை. ஆன்ட்டி தங்கையின் பிரசவத்துக்காக டெக்சாஸில் பேர்லேண்டுக்குப் போயிருந்தார். பதினேழு வயது மகள் சமீராவோடு ஹோட்டல் அறையில் தங்க ஒரு பெண் துணை வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். 2006-ஆம் ஆண்டின் குளிர்காலம் அது. பனியை நான் கிட்டத்தில் பார்த்ததில்லை. சம்மதித்தேன்.

நாங்கள் போனது இளையோருக்கான ஒரு சர்வதேச பயத்லான் போட்டிக்கு. பயத்லான் என்றால் என்ன என்று என்னைப் போலவே பலருக்கும் தெரிந்திருக்காது. முதுகில் துப்பாக்கியைக் கட்டிக்கொண்டு பனியில் சறுக்கியபடி ஓட வேண்டும். மூச்சு வாங்க வாங்க வந்து படுத்து, ஐம்பது மீட்டர் தள்ளியிருக்கும் ஐந்து கறுப்பு வட்டங்களைச் சுட வேண்டும். ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழ அளவுதான். பட்டால் வட்டம் வெள்ளையாகும். படாத ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலிருக்கும் சின்ன வளையத்தை ஒரு தடவை சுற்றிவிட்டுத்தான் மேலே போகலாம். அதுதான் தண்டனை.

சமீரா போட்டியாளர் அல்ல. ஆறு வயதில் வந்தவள், கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட். அமெரிக்க அணியில் சேர முடியாது. மூன்று குளிர்காலமாகப் பயிற்சி கொடுத்துவரும் கோச் டயான் அவளுக்கு வேறொரு இடம் வாங்கித் தந்திருந்தார். போட்டி தொடங்குமுன் ஒருவர் முழுப் பாதையையும் ஓடி, சுட்டு, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நெஞ்சில் எண் கிடையாது. நேரம் குறிக்க மாட்டார்கள். ஆனால் உலகத்துப் பிள்ளைகள் ஓடும் பாதையில் முதல் தடம் அவளுடையது. ஒரு மாதமாக வீட்டில் அதே பேச்சு.

கிளப்புக்குள் பயிற்சி என்றவரை கண்டுகொள்ளாத அங்கிள், ஊரறிய ஒரு போட்டி என்றதும் அந்த வாரம்தான் தன் இமிக்ரேஷன் வக்கீலுக்கு போன் போட்டார். விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியைத் தொடக்கூடாது, விளையாட்டுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு, ஆனாலும் கிரீன் கார்டு கைக்கு வரும்வரை ஏன் வம்பு என்றாராம் வக்கீல். அங்கிளோடு ஒரே மாதம் விண்ணப்பித்தவர்களுக்கெல்லாம் கார்டு வந்து, அவர்கள் வீடும் வாங்கிவிட்டார்கள். இவருடையது மட்டும், பெயரைப் போலீஸ் பதிவுகளில் தேடிப் பார்க்கும் பெயர்ச் சோதனையில் நான்கு வருடமாக நிற்கிறது. துப்பாக்கியைத் தொடலாமா கூடாதா என்று அவர் இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்தப் பதிலுக்காகக் காரின் பின்சீட்டில் ஒருத்தி காத்துக்கொண்டிருந்தாள்.

பெனிசியா பாலத்தில் சுங்கம் மூன்று டாலர். சாக்ரமென்டோ தாண்டியதும் மேடு தொடங்கியது. கோல்ஃபாக்ஸுக்கு மேலே பனி. மஞ்சள் சட்டைக்காரர்கள் சாலையோரம் நின்று சங்கிலி மாட்டிவிட முப்பது டாலர் கேட்டார்கள். அங்கிள் முழங்கால் நனைய உட்கார்ந்து தானே மாட்டினார்.

"அத்தா, அது உள்பக்கம் வெளியே இருக்கு," என்றாள் சமீரா.

"எனக்குத் தெரியும்மா. ஓரக்கிள் சர்வரே மாட்டியிருக்கேன்."

"சர்வர் பனியில ஓடாது அத்தா."

கழற்றித் திருப்பி மாட்டினார். வழி முழுக்க மூவரும் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

போட்டி நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அறைகள் நிரம்பிவிட்டதால் மலையைக் கடந்து நெவாடாவில் ரீனோவுக்குப் போனோம். அறை ஒன்று நாற்பத்தொன்பது டாலர். கீழ்த்தளம் முழுக்கச் சூதாட்ட இயந்திரங்கள். லிஃப்டுக்குப் போக வேறு வழியில்லை. மணிச்சத்தத்துக்கும் சிகரெட் புகைக்கும் நடுவே அங்கிள் கம்பளத்தைப் பார்த்தபடியே நடந்தார். "ஆன்ட்டிகிட்ட ஹாலிடே இன் ஹோட்டல்னு சொல்லிடு," என்றார் என்னிடம்.

சனிக்கிழமை காலை மேற்கே திரும்பி வந்தோம். கலிஃபோர்னியா எல்லைக்குள் நுழைந்த பிறகு ட்ரக்கி அருகே ஒரு சோதனைச் சாவடி. பூச்சி பரவாமல் இருக்க வெளிமாநிலப் பழங்களைத் தடுப்பதற்கான சாவடி அது. சீருடைக்காரர் குனிந்து, எங்கிருந்து வருகிறீர்கள் என்றார். அவர் அடுத்த வாக்கியத்தைத் தொடங்குமுன் அங்கிள் ஃபைலை எடுத்துவிட்டார். மூன்று பாஸ்போர்ட்டுகள், அப்ரூவல் நோட்டீஸ், சம்பளச் சீட்டு என்று ஒவ்வொன்றாக ஜன்னல் வழியே நீட்டினார். காற்றில் ஒரு தாள் பறந்து பனியில் விழுந்தது. சீருடைக்காரர் அதை எடுத்துத் தட்டிக் கொடுத்துவிட்டு, பழம் ஏதாவது இருக்கிறதா என்றுதான் கேட்க வந்தேன் ஐயா என்றார்.

ஆரஞ்சுப் பையை வாங்கிக்கொண்டு எங்களை அனுப்பினார். அங்கிளால் காகிதங்களைத் திரும்ப உறைக்குள் சொருக முடியவில்லை. நான் வாங்கி அடுக்கினேன்.

போட்டி மைதானத்தில் வண்டியை நிறுத்தியதும் அங்கிள் சொன்னார்.

"சமீரா, ரைஃபிள் வேணாம்மா."

"அத்தா, அவரு ஆரஞ்சு கேட்டாரு. ஜஸ்ட் ஆரஞ்சு."

"இன்னிக்கு ஆரஞ்சு. நாளைக்கு இன்டர்வியூக்குக் கூப்பிட்டு, உன் வீட்டுல யாராச்சும் துப்பாக்கி தொட்டிருக்காங்களான்னு கேப்பான். நான் என்ன சொல்ல?"

"ஸ்போர்ட்னு சொல்லுங்க."

"என் பேரை வெச்சுக்கிட்டா?"

கோச்சிடம் அனுமதிக் காகிதம் ஏதாவது இருக்கும், கேட்டுப் பார்ப்போமே அங்கிள் என்றேன். கேட்டோம். இருந்தது. துப்பாக்கி கிளப்புக்குச் சொந்தமானது, தன் கண் முன்னால்தான் சுடப்போகிறாள், சட்டப்படி தவறே இல்லை என்று டயான் பொறுமையாக விளக்கினார். அங்கிள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, நன்றி சொல்லி, கடைசியில் அதையே மறுபடி சொன்னார். வேண்டாம். சரி, பாதையை மட்டும் அவள் ஓடட்டும், இலக்குகளை வேறொருவர் சுட்டுப் பார்ப்பார் என்று டயான் முடித்துக்கொண்டார்.

வானம் தகர நிறத்தில் இருந்தது. கொடிகள் ஈரத்தில் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தன. சமீரா வயதுப் பிள்ளைகள் முதுகில் துப்பாக்கியோடு, ஏதோ புத்தகப் பை போல, சூடான கோகோவுக்கு வரிசையில் நின்றார்கள். அவர்களைத் தாண்டி அவள் வெறும் முதுகோடு தொடக்கக் கோட்டுக்குப் போனாள்.

நாங்கள் சுடுமிடத்துக்குப் பின்னால் தடுப்புக் கயிற்றருகே நின்றோம். பைன் மரங்களுக்குள் மறைந்தவள் கொஞ்ச நேரத்தில் மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். நேராகப் போய்விடுவாள் என்று நினைத்தேன். சுடுபவர்கள் படுப்பதற்காக விரித்திருந்த பாய்களில் ஓரத்துப் பாயின் முன்னால் நின்றாள். கைக்கோல்களைக் கழற்றி வைத்தாள். குப்புறப் படுத்து, இடது முழங்கையை ஊன்றி, ஒன்றுமில்லாத இடத்தில் கன்னத்தைச் சாய்த்தாள்.

அவள் முதுகு ஏறி இறங்கியது. நின்றது. மறுபடி ஏறி இறங்கியது, நின்றது. பக்கத்திலிருந்த ஒருவர், அந்தப் பெண் துப்பாக்கியை வழியில் தவறவிட்டுவிட்டாளா என்று அங்கிளிடம் கேட்டார். யாரோ சிரித்தார்கள். அங்கிள் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். ஐந்தாவது முறை மூச்சை அடக்கியபோது காற்று வீசி, தரையிலிருந்த பனி அவள்மேல் வாரியடித்தது. எழுந்தாள். கோல்களை மாட்டிக்கொண்டாள். சின்ன வளையத்துக்குள் திரும்பி ஒரே ஒரு தடவை சுற்றிவிட்டு, முடிவுக் கோட்டை நோக்கிப் போனாள். அவள் படுத்திருந்த பாய்க்கு எதிரே இருந்த ஐந்து வட்டங்களும் கறுப்பாகவே இருந்தன.

பிறகு போட்டி நடந்தது. நன்றாகத்தான் நடந்தது. வெடிச்சத்தமும், உற்சாகப்படுத்தப் பார்வையாளர்கள் ஆட்டிய மாட்டு மணிச்சத்தமும் காதை அடைத்தன. சமீரா கடைசி வரை இருந்து பார்த்தாள். எல்லோருக்கும் கை தட்டினாள்.

பிற்பகலில் கீழிறங்கினோம். சங்கிலியை அவளே கழற்றினாள். ஆபர்ன் தாண்டும்போது பனி மழையாகியிருந்தது. அங்கிள் கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"அந்தச் சின்ன வட்டத்தை எதுக்கும்மா சுத்தினே?"

"லாஸ்ட் ஷாட் மிஸ், அத்தா. காத்து அடிச்சிருச்சு."

கொஞ்ச தூரம் போனோம்.

"மத்த நாலும்?"

"பட்டுச்சு."

அங்கிள் தலையை அசைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "அஞ்சுக்கு நாலு. நல்ல ஸ்கோர்தானே?" என்று கேட்டார்.

அன்று ஜெயித்த பெண்ணும் முதல் தடவை படுத்துச் சுட்டபோது நாலுதான் அடித்தாள் என்று ஒலிபெருக்கியில் சொன்னதைக் கேட்டிருந்தேன். அதைச் சொன்னேன். அங்கிள் அடுத்த எக்ஸிட்டில் இறங்கி ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தினார். டாங்க் முக்கால்வாசி நிரம்பித்தான் இருந்தது. மழையில் இறங்கிப்போய், பம்பைத் தொடாமல், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.