தனலெட்சுமி இன்னும் ஏறாத மலை

பிரிக்ஃபீல்ட்ஸ் பேருந்து நிறுத்தத்தில் தனலெட்சுமி திசைகாட்டியை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தலையை மட்டும் திருப்பக் கூடாது, உடம்போடு திரும்ப வேண்டும் என்பது பாடம். ஆகவே கைப்பை, சாப்பாட்டுக் கூடை, ஐம்பது வயது தாண்டிய இடுப்பு எல்லாம் சேர்ந்து மெல்லச் சுழல்கின்றன.

"யாரத் தேடுறீங்க அக்கா?" என்கிறான் பக்கத்தில் நிற்பவன்.

"வடக்கத் தேடுறேன் லா."

பல் மருத்துவர் ஒருவரின் கிளினிக்கில் நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வேலை அவளுக்கு. ஊருக்கு வடக்கே உள்ள மலைக்காட்டின் வரைபடத்தில் மூழ்கி அடுத்த பெயரை மறந்துவிடுவதும் உண்டு. உயரக் கோடுகள் நெருங்கிக் கிடக்கும் இடத்தில் விரலை வைத்து, "இங்க மூச்சு வாங்கும்" என்பாள், ஏதோ நேற்றுத்தான் ஏறி இறங்கியவள் மாதிரி. அந்தக் காட்டில் அவள் கால் வைத்ததே இல்லை.

ஞாயிறு காலைகளில் பூங்காவில் நிரஞ்சனி என்ற பெண் நடத்தும் திசைகாட்டி வகுப்புக்குப் போகிறாள். முதல் நாள் கூத்தைத் தானே சொல்லிச் சிரிப்பாள். எல்லாரும் கிழக்கே இருந்த பெரிய மரத்துக்குப் போய்ச் சேர, இவள் மட்டும் கழிப்பறை வாசலில் போய் நின்றாள். மறுபடி நடக்கச் சொன்னார்கள், மறுபடியும் கழிப்பறை. நிரஞ்சனி கிட்டே வந்து பார்த்தால், அவசரத்துக்கு உதவுமென்று தாலிக்கொடியில் மாட்டிய ஊக்குகள், ஒரு கொத்து.

"அக்கா, திசைகாட்டி ஊசி வடக்க விட்டுட்டு இந்த இரும்பத்தான் பாக்குது. கழட்டிருங்க."

"பின் இல்லாம நான் எங்கயும் போனதில்ல லா," என்று முனகிக்கொண்டே கழற்றினாள்.

இந்த வகுப்பில் இது அவளுக்கு மூன்றாம் முறை. ஒவ்வொரு முறையும் கடைசியில் முழுநாள் காட்டு நடை உண்டு. முதல் தடவை கிளம்பிய காலையில் கணவர் ரெங்கசாமி குளியலறையில் விழுந்தார். நாடு முழுக்க லோரி ஓட்டியவர். சர்க்கரை நோய் இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது. அடுத்த தடவை, அவரைத் தனியே விட மனமில்லாமல், அவளே வரவில்லை என்றுவிட்டாள். யார்மேலும் கோபமில்லை. ஆனால் அந்த மலைக்கு ஏங்குகிறாள், மனசு விட்டு ஏங்குகிறாள்.

மூன்றாவது நடை போன ஞாயிறு; பக்கத்து வீட்டு மலர் அவரைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். விடிந்தால் மலருக்குக் காய்ச்சல். கட்டிய காலணியை அவிழ்த்துவிட்டுத் தனலெட்சுமி தேநீர் போட்டாள். அவளும் ரெங்கசாமியும் செலாயாங் அடுக்குமாடி வீட்டு வாசலில், கைப்பிடிச் சுவரோரம் நின்று குடித்தார்கள்.

"நீ போயிருக்கலாம் தனம். நான் சும்மாதான உக்காந்திருப்பேன்."

"டீ ஆறுது, குடிங்க."

ஒரு மிடறு குடித்துவிட்டு அவர் கேட்டார், "இந்நேரம் எங்க போயிருப்பாங்க?"

அவள் அவருடைய கையை எடுத்து, ஆள்காட்டி விரலைத் தூரத்தில் தெரிந்த மலைப்பக்கம் நீட்டினாள். "ஆத்தத் தாண்டியிருப்பாங்க. இப்ப அந்த ரெண்டு மேட்டுக்கு நடுவுல இருக்கிற பள்ளம்."

"இங்கயா?"

கை லேசாக விலகியிருந்தது. அவள் பின்னால் வந்து நின்று, அவர் முழங்கையைத் தாங்கி, விரலைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தி வைத்தாள்.