திரும்பும் கம்பியில் ஒரு சுவிட்சு

எங்கள் வீட்டில் விளக்கை ‘அணை’ என்று யாரும் சொல்லக் கூடாது. அம்மா விடமாட்டாள். அணைகிறது என்பது சாவு வீட்டு வார்த்தை என்பாள். ‘குளிர வை’ என்றுதான் சொல்ல வேண்டும். முருகன் படத்துக்கு முன்னால் எரிகிற அகலை ஒரு பூவால் ஒற்றிக் குளிர வைப்பாள். பிறகு வீட்டுக்குக் கரண்டு வந்தது. அதற்கும் அதே வார்த்தைதான். சுவிட்சைத் தட்டி விளக்கை நிறுத்துவதும் குளிர வைப்பதுதான்.

அகல் குளிர்ந்தால் நெருப்பு போய்விட்டது. தொட்டால் சுடாது. கரண்டு விளக்கும் அப்படித்தான் என்று நாங்கள் அத்தனை பேரும் நினைத்தோம். அந்த நினைப்பில்தான் என் அண்ணன் செத்தார். அதற்கான வேலையைச் செய்து வைத்தவன் நான்.

அறுபதுகளின் நடுவில், எங்கள் காஞ்சிபுரத்துத் தெருவில் கம்பம் நட்டுக் கம்பி இழுத்த புதிது. அண்ணனும் நானும் ஒரே அறையில் இரண்டு தறியில் நெய்துகொண்டிருந்தோம். குழித்தறி. தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு, மிதியை மிதித்து நெய்ய வேண்டும். அண்ணனுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அண்ணி மாகறலிலிருந்து வந்தவள். அவள் அப்பாவுக்கும் அங்கே தறிதான்.

வீட்டுக்கு ஒயரிங் செய்ய வந்தவரை நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். கூடத்துக்கும் சாமி மாடத்துக்கும் விளக்குப் போட்டார். நான் எட்டாவது வரை படித்தவன், எதையும் நோண்டிக் கேட்கிற குணம். அவர் பின்னாலேயே திரிந்தேன்.

“ரெண்டு கம்பி எதுக்கு பாய்? ஒண்ணு போதாதா?”

“ஒண்ணு போற கம்பி, ஒண்ணு வர்ற கம்பி. நடுவுல வெளக்கு. போனது திரும்பி வந்து சேந்தாத்தான்பா எரியும். சுத்து எங்க அறுந்தாலும் வெளக்கு நின்னுடும். சுவிட்சுன்னா வேற ஒண்ணும் இல்ல. நாமளே அறுத்து, நாமளே சேத்துக்கறது.”

அவரிடம் ஒரு டெஸ்டர் இருந்தது. ஒரு கம்பியில் வைத்தால் அதன் வயிற்றுக்குள் செம்பொட்டாக வெளிச்சம் வரும். இன்னொன்றில் வைத்தால் வராது. வெளிச்சம் வருவது போகிற கம்பி, அதைத் தொட்டால் ஆள் காலி என்றார். அதற்குள் அவருக்கு வேறு இடத்தில் அவசர வேலை வந்துவிட்டது. தறி அறைக்கு அடுத்த மாதம் வந்து போடுகிறேன் என்று மீதி ஒயரை எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்.

அந்த ஒரு மாதம் எனக்குப் பொறுக்கவில்லை. இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது, போகிறது ஒன்று, வருகிறது ஒன்று. கடைத்தெருவில் ஒரு டெஸ்டர் வாங்கிக்கொண்டேன். மெயினை நிறுத்திவிட்டுக் கூடத்திலிருந்து தறி அறைக்கு இரண்டு கம்பிகளையும் இழுத்தேன். சுவிட்சைச் சமையலறை வாசல் பக்கம் வைத்தேன். இனி இரண்டில் ஒரு கம்பியை அறுத்துச் சுவிட்சில் சேர்க்க வேண்டும். எதை அறுப்பது?

இதை நான் எழுதித்தான் ஆக வேண்டும். நெசவாளி பாவை அறுக்கமாட்டான். நீளவாட்டில் ஓடுகிற பாவு நூல்தான் சேலைக்கு உயிர். நெய்து முடிகிற வரை அதில் கத்தி படக் கூடாது. குறுக்கே போகிற ஊடை அப்படியில்லை. வேண்டிய இடத்தில் நிறுத்தலாம், அறுக்கலாம், மறுபடி கோக்கலாம். டெஸ்டரில் வெளிச்சம் வந்த கம்பி எனக்குப் பாவாகத் தெரிந்தது. உயிருள்ளதை ஏன் அறுக்க வேண்டும்? சுற்று எங்கே அறுந்தாலும் விளக்கு நின்றுவிடும் என்று பாயே சொல்லியிருக்கிறாரே. ‘முருகா’ என்று சொல்லிவிட்டு, திரும்பி வருகிற கம்பியை அறுத்துச் சுவிட்சில் கோத்தேன்.

தட்டினால் எரிந்தது. மறுபடி தட்டினால் நின்றது. அண்ணன் இரண்டு மூன்று முறை தட்டிப் பார்த்துவிட்டு என் முதுகில் ஒன்று வைத்தார்.

“டேய், நீ தறிய வித்துட்டுக் கரண்ட் ஆபீசுக்கே போயிடுடா.”

பாய் வந்தபோது, “எல்லாம் நானே போட்டாச்சு பாய்” என்றேன். “எரியுதா?” என்றார். “ஜம்முனு எரியுது.” சிரித்துவிட்டு ஒயர் மீதியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். உள்ளே வந்து ஒரு பார்வை பார்த்திருக்கலாம். ஆனால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஐப்பசி மழை. இரண்டு நாளாக விடவில்லை. குழிக்குள் ஈரம் ஊறி, காலை வைத்தால் சேறு ஒட்டியது. பகல் பத்து மணிக்கே அறை இருட்டாக இருந்தது. அண்ணன் தறிக்கு மேலே தொங்கிய பல்பு பட்டென்று போய்விட்டது. புதுப் பல்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, குழிக்குள் நின்றபடியே சமையலறையிலிருந்த அண்ணிக்குக் குரல் கொடுத்தார்.

“ஏம்மே, தறி வெளக்கக் குளிர வை. பல்பு மாத்தணும்.”

“வெச்சிட்டேன்.”

“நெஜமாவா?”

“அட, குளிர வெச்சிட்டேன்றேன்ல.”

நான் என் தறியில் இருந்தேன். இந்தப் பேச்சு முழுதும் என் காதில் விழுந்தது. ஊடையை ஓட்டுகிற நாடாவை நான் நிறுத்தவில்லை. அண்ணன் கை மேலே போனதைப் பார்த்தேன். கை இறங்கவில்லை. கத்தல்கூட இல்லை. ஓடிப்போய் மெயின் பலகையில் ஃபியூஸைப் பிடுங்கினேன். அவர் பாவின் மேலேயே சாய்ந்து விழுந்தார்.

அந்தக் கலவரத்தில் அம்மா அலறிக்கொண்டு வந்து அந்தச் சுவிட்சை மேலும் கீழுமாகத் தட்டியிருக்கிறாள். எத்தனை தரம் என்று அவளுக்கே தெரியாது. அக்கம்பக்கத்தார் ஓடி வந்தபோது சுவிட்சு கீழே பார்த்து நின்றது. கீழே பார்த்தால் விளக்கு எரிகிற பக்கம். ஊர் பார்த்த சாட்சி அது ஒன்றுதான். பல்பு முன்பே போய்விட்டதால், அண்ணி தட்டினாளா இல்லையா என்று சொல்ல வெளிச்சமும் இல்லை. அவள் வார்த்தை மட்டும்தான்.

பிணத்தைக் கூடத்தில் கிடத்தியிருக்கும்போதே அம்மா கேட்டாள்.

“குளிர வெச்சேன் வெச்சேன்னியே, யாரடீ குளிர வெச்சே?”

அண்ணி சூடத்தை ஏற்றி அதன்மேல் அடித்துச் சத்தியம் செய்தாள். “வெச்சேன் அத்தே. என் கையால வெச்சேன்.” யாரும் கேட்கவில்லை. பொய்ச் சத்தியம் வேறா என்றாள் ஒருத்தி.

நான் அப்போது என்ன நினைத்தேன்? அண்ணி மறந்திருப்பாள் என்றுதான் நானும் நினைத்தேன். அதை மறைக்கவில்லை.

ஃபியூஸை நான் திரும்பப் போடவில்லை. காரியம் முடிகிற வரை எண்ணெய் விளக்குதான். அதற்கு மறுநாள் பாய் துக்கம் கேட்க வந்தார். அப்படியே ஒயரையும் பார்த்துவிடுகிறேன் என்று ஃபியூஸைப் போட்டுவிட்டுத் தறி அறைக்குள் போனார். சுவிட்சை மேலே தள்ளி நிறுத்தினார். பலகை மேல் ஏறி நின்று ஹோல்டருக்குள் டெஸ்டரை வைத்தார். செம்பொட்டு எரிந்தது.

அவர் சுவிட்சைப் பார்த்தார். மறுபடி வைத்தார். மறுபடி எரிந்தது.

“யாருப்பா இத இழுத்தது? நீதானே?”

“ஆமா பாய்.”

“மாத்தி அறுத்துட்டியேப்பா. போற கம்பியில வெக்க வேண்டிய சுவிட்ச வர்ற கம்பியில வெச்சிருக்கே. வெளக்குதான் தூங்கிச்சு. கரண்டு ஹோல்டர் வரைக்கும் வந்து முழிச்சிக்கினுதான் இருந்துச்சு.”

“திரும்பிப் போக வழி அறுந்துடுச்சே பாய். அப்புறம் எப்படி?”

“வழி உங்க அண்ணன்தான். ஈரக் குழியில கால வெச்சிக்கினு மேல கைய வெச்சாரு. அவர் உடம்பு வழியா மண்ணுக்குப் போயிடுச்சு. கரண்டு திரும்பறதுக்குக் கம்பிதான் வேணும்னு இல்ல, பூமியும் போதும்.” பலகையிலிருந்து இறங்கினார். குரலைத் தாழ்த்தினார். “அந்தப் பொண்ணு சொன்னது நெஜம்பா. போய்ச் சொல்லு.”

அண்ணி அப்போது அடுத்த அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளை அழைத்துப்போக மறுநாள் காலை அவள் அப்பா வருவதாக இருந்தது. பத்து அடி தூரம்.

“பாய், வெளியில சொல்லிடாதீங்க.”

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. “நான் ஏன் சொல்றேன்? நீ சொல்லணும்” என்றார். பத்தே நிமிஷத்தில் கம்பியை மாற்றிச் சுவிட்சைச் சரியான இடத்தில் கோத்துவிட்டுப் போனார். நான் செய்த தப்புக்கு அடையாளம் இல்லாமல் போயிற்று.

காலையில் அண்ணி போனாள். நான் வாசலுக்குக்கூட வரவில்லை.

அம்மாவுக்கு மிச்சமிருந்த ஒரே பிள்ளை நான். நான்தான் கொன்றவன் என்றால் அவள் யார் முகத்தைப் பார்த்துச் சோறு தின்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. மீதி பயம். சொல்லாததற்கு ஈடாகக் கிருத்திகை விரதம் பிடித்தேன். குமரக்கோட்டம் முருகன் கோயிலை நூற்றெட்டு முறை சுற்றினேன். ஒரு கோயிலுக்கு அண்ணன் பேரில் டியூப் லைட்டு உபயம் கொடுத்தேன். எழுத்துக்காரன் அதன்மேல் அவர் பேரையும் எங்கள் அப்பா பேரையும் கொட்டை கொட்டையாக எழுதி, பாதி வெளிச்சத்தை மறைத்துவிட்டான். சாமி முன்னால் நின்று ஒவ்வொரு கிருத்திகையும் நடந்ததைச் சொல்வேன். சாமிக்குத் தெரியாதா என்ன? தெரியாதது தெருவுக்குத்தான். தெரிந்தவரிடமே போய்த் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கல்யாணமாயிற்று. பெண் பிறந்தாள். அம்மா போய்ச் சேர்ந்தாள். அதற்குள் எங்கள் தெருவில் ஒரு வசனம் முளைத்திருந்தது. யாராவது ஒரு வேலையை முடித்துவிட்டேன் என்று சொன்னால், “மாகறல்காரி குளிர வெச்சாப்ல இல்லியே?” என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். யார் அந்த மாகறல்காரி என்று பலருக்குத் தெரியவும் தெரியாது.

ஒருநாள் என் மனைவி பெண்ணைக் கேட்டாள், “வாசக் கதவத் தாப்பாப் போட்டியாடீ?”

“போட்டேம்மா.”

“மாகறல்காரி குளிர வெச்சாப்லயா?”

ஆறு வயதுக் குழந்தை கைகொட்டிச் சிரித்தது. “ஆமா, மாகறல்காரி, மாகறல்காரி!”

சாப்பிட்டுக்கொண்டிருந்த நான் பாதியிலேயே கை கழுவி எழுந்தேன். மறுநாள் பஸ் ஏறி மாகறல் போனேன்.

அண்ணி வீட்டுக் கூடத்தில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது, அவளுக்கு முப்பதுகூட ஆகியிருக்காது. “வாங்க தம்பி” என்றாள். தண்ணீர் கொடுத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பாவு, ஊடை, டெஸ்டர், பாய் சொன்னது, நான் வாய் மூடி இருந்தது. அவள் ராட்டினத்தை நிறுத்தாமல் கேட்டாள்.

“இத எதுக்கு என்கிட்ட வந்து சொல்றீங்க?”

“உங்களுக்குத் தெரியணும் அண்ணி.”

“நான் குளிர வெச்சது எனக்குத் தெரியாதா? அன்னிலேர்ந்து தெரியும். ஒங்க தெருவுக்குத்தான் தெரியாது. அங்க போய்ச் சொல்லுங்க.”

சொன்னேன். அடுத்த நாளே, தெருவில் பாவு விரித்துக் கட்டியிருந்த காலையில், ஆள் கூடுகிற நேரம் பார்த்துச் சொன்னேன். ஒரு பெரியவர் என் தோளில் கை வைத்தார்.

“விடுப்பா. பொம்பள பழிய நீ ஏன் சொமக்கறே? ஒனக்கு எளகின மனசு.”

“மனசு இல்லண்ணா, நடந்தது இது. சுவிட்ச நான் தப்பா வெச்சேன்.”

“சுவிட்சு கீழ இருந்தத நான் என் கண்ணால பாத்தேன்பா.”

விடவில்லை. வீட்டுக்கு ஓடி டார்ச் லைட்டுப் பேட்டரிக் கட்டையையும் சின்ன பல்பையும் இரண்டு துண்டுக் கம்பியையும் கொண்டு வந்து, பாவுக்குப் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து செய்து காட்டினேன். ஒரு பக்கக் கம்பியைப் பிரித்தேன், பல்பு நின்றது. சேர்த்தேன், எரிந்தது. மறுபக்கக் கம்பியைப் பிரித்தேன். அப்போதும் நின்றது.

“ரெண்டு பக்கமும் நிக்குதே” என்றான் ஒருவன். “அப்ப நீ எந்தப் பக்கம் வெச்சா இன்னா?”

“இது சின்னக் கட்டைங்க. இதுல பூமிக்குப் போற கரண்டு இல்ல. கம்பத்துலேர்ந்து வர்றது வேற...”

“சரிப்பா, சரிப்பா.”

கேட்டுச் சொல்லப் பாயும் இல்லை. அவர் மௌத்தாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் மாற்றிக் கோத்த சுவிட்சு சரியான கம்பியில் இருந்தது. அதை எத்தனை பேருக்குத் திறந்து காட்டி என்ன?

அன்று முதல் தெருவில் எனக்கு மரியாதை கூடிவிட்டது. அண்ணியின் பழியை ஏற்றுக்கொள்ளத் துணிந்த புண்ணியவான் என்றார்கள். பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வசனம் மட்டும் போகவில்லை.

அடுத்த வருஷம் ஒரு கல்யாணத்தில் அண்ணியைப் பார்த்தேன். பந்தி முடிந்து, விதவைகள் உட்காருகிற ஓரத்தில் இருந்தாள். நானே போய் முன்னால் நின்றேன்.

“தெருவுல சொன்னீங்களா தம்பி?”

“சொன்னேன் அண்ணி.”

“எல்லார் முன்னாடியுமா?”

“எல்லார் முன்னாடியும்.”

கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். சற்று முன்புதான் அந்தக் கல்யாண வீட்டுச் சமையல்கட்டில் எங்கள் தெருக்காரி ஒருத்தி, அடுப்பை நிறுத்தியாயிற்றா என்று கேட்டு, அந்த வசனத்தைச் சொல்லிச் சிரித்திருந்தாள். அண்ணியின் காதிலும் அது விழுந்திருக்க வேண்டும்.

“சத்தியமா சொன்னேன் அண்ணி.”

“சத்தியம்லாம் எதுக்கு தம்பி” என்றாள். “சொன்னீங்கன்னா சரி.”

அவள் நம்பவில்லை. எழுந்து, புடவையை உதறிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டாள்.